கவ்வாத்துக் கத்தி வெட்டிய முத்தொகுதி

போன கிழமை ஓர் அழைப்பிதழ் வந்தது. மாத்தளை நகரில் ஒரு நாவல் வெளியீடு. எழுதியவர் ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தவர். அட்டையில் நாவலின் பெயருக்குக் கீழே, பெயரைவிடப் பெரிய எழுத்தில், ‘முத்தொகுதியின் முதலாம் பாகம்’ என்று போட்டிருந்தது. மற்ற இரண்டையும் எழுதி முடித்தாயிற்றா என்று தொலைபேசியில் கேட்டேன். “இல்ல டீச்சர், யோசிச்சு வச்சிருக்கேன்” என்றார். யோசித்து வைத்ததோடு போய்ச் சேர்ந்த எழுத்தாளர்களை எனக்குத் தெரியும், ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. நல்ல பிள்ளை. வெளியீட்டில் ‘முத்தொகுதி: சொல்லும் பொருளும்’ என்று நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம்.

பொருள் சொல்வது பெரிய காரியமில்லை. மூன்று படைப்புகள். ஒவ்வொன்றும் தனித்து நின்றாலும் நிறைவாக இருக்கும், சேர்த்துப் படித்தால் ஒரே பெருங்கதையாகும். இதற்கு ஒரு நிமிடம் போதும். மிச்சம் ஒன்பது நிமிடம் இருக்கிறதே என்றுதான் யோசனை. நான் என் வாழ்வில் முதன்முதலாகக் கையில் எடுத்த முத்தொகுதி எந்த எழுத்தாளரும் செய்ததல்ல. அதைச் செய்தது ஒரு கவ்வாத்துக் கத்தி. மேடையில் சொன்னால் பையனின் புத்தகத்துக்கு அபசகுனமாகிவிடும். அதனால் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் புத்தகம் மிளகு மணக்கும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது மிளகு இடித்தால் எனக்கு ரசம் நினைவுக்கு வராது, கனகம் என்ற பெண்தான் நினைவுக்கு வருவாள். அவள் அந்த நாவலின் கதாநாயகி. மாத்தளைக் கடைவீதியில் மிளகும் கறுவாப் பட்டையும் வாங்கி விற்கும் முஸ்லிம் நானா ஒருவர், சரக்கு மடிக்கப் பழைய தாளை நிறுத்து வாங்கி வைத்திருப்பார். எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருநாள் மிளகு வாங்கப் போனபோது, நானா ஒரு தடித்த நாவலிலிருந்து தாள் தாளாகக் கிழித்துச் சுருட்டிக்கொண்டிருந்தாராம். அட்டையும் முன்பக்கங்களும் அதற்குள் ஊரெல்லாம் போய்விட்டன. மாஸ்டர் பதறிப்போய்க் கேட்க, “எடுத்துக்கிட்டுப் போங்க மாஸ்டர், எனக்கு எல்லாத் தாளும் ஒண்டுதான்” என்று நானா கொடுத்துவிட்டார். எழுதியவர் பெயரும் இல்லை, நாவலின் பெயரும் இல்லை. எண்ணூறு பக்கத்துக்குக் குறையாது.

இது எழுபதுகளின் நடுப்பகுதி. தோட்டம் இரத்தோட்டைக்கு மேலே. இலங்கை முழுவதும் பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, பல வீடுகளில் மூன்று வேளையும் மரவள்ளிக் கிழங்கு. இந்தியாவிலிருந்து கதைப் புத்தகம் வருவதும் அருகிப்போயிருந்தது. அப்படியான நாளில் எண்ணூறு பக்கம் என்றால் தோட்டமே திரண்டு வராதா? வந்தது. எங்கள் தோட்டத்தில் மூன்று கணக்குகள். கணக்கு என்றால் தோட்டத்தின் ஒரு பிரிவு: மேற்கணக்கு, நடுக்கணக்கு, கீழ்க்கணக்கு. புத்தகம் எந்தக் கணக்குக்கு முதலில் போவது என்பதைத் தீர்க்க வாசிகசாலைக் கமிட்டி கூடியது. அந்தக் கமிட்டி அதற்கு முன்பு கடைசியாகக் கூடியது வாசிகசாலை ஓட்டை மாற்றுவதற்கு, ஓடு அன்றும் மாற்றப்படவில்லை.

தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்தான் கமிட்டிக்கும் தலைவர். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் நீதி தெரிந்த மனிதர். “மூணு கணக்குக்கும் சமமாப் பங்கு போகணும். இல்லாட்டி சங்கமே ரெண்டாப் போயிரும்” என்று சொல்லிவிட்டார். புத்தகத்தை எப்படிப் பங்கு வைப்பது, அது என்ன அடித்த ஆட்டு இறைச்சியா என்று மாஸ்டர் கேட்டிருக்கிறார். அதற்குள் கவ்வாத்து ராசு அண்ணன் எழுந்துவிட்டார். தேயிலைச் செடியை இடுப்பளவுக்குத் தறித்து விடுவதுதான் கவ்வாத்து. அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. பக்கங்களை எண்ணி மூன்றாகப் பிரித்து, அடையாளத்துக்குத் தீக்குச்சி வைத்து, முதுகில் இரண்டே இரண்டு வெட்டு. ஒரு நூல்கூடப் பிசிறவில்லை என்று பின்னால் எல்லோரும் பாராட்டினார்கள்.

மாஸ்டர் வீட்டுக்குப் போய் அழுதாரோ என்னவோ தெரியாது. ஆனால் மறுநாள் மூன்று துண்டுகளுக்கும் காக்கித் தாளில் அட்டை போட்டு, தூரிகையால் அழகாக ‘முத்தொகுதி – முதலாம் பாகம்’, ‘இரண்டாம் பாகம்’, ‘மூன்றாம் பாகம்’ என்று எழுதிக்கொண்டு வந்தார். இலக்கியத்தில் பெரிய படைப்புகள் இப்படித்தான் இருக்கும் என்று விளக்கமும் சொன்னார். தோற்றுப்போன மனிதன் தோல்விக்கு ஒரு நல்ல பெயர் வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதன் பலன், எங்களுக்கு முத்தொகுதி என்றால் பங்கு வைக்கப்பட்ட புத்தகம் என்று ஆகிவிட்டது. பல வருடம் கழித்து, ஆசிரியர் பயிற்சியின்போது ஒரு விரிவுரையாளர் முத்தொகுதி பற்றிப் பேசியதும் நான் எழுந்து, அதை எந்த இடத்தில் வெட்டுவார்கள் என்று கேட்டேன். அவர் அதை ஆழமான விமர்சனக் கேள்வி என்று எடுத்துக்கொண்டு அரைமணி நேரம் பதில் சொன்னார்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. நடுக்கணக்குப் பிள்ளைக் காம்பராவில் உதவியாளாக வேலை. தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. வரிசையாக ஏணைத் தொட்டில்கள் தொங்கும். பால், மூத்திரம், சுடுதண்ணீரில் அவிந்த துணி எல்லாம் கலந்த ஒரு வாடை. பகல் பன்னிரண்டுக்குத் தாய்மார் மலையிலிருந்து ஓடி வருவார்கள், குழந்தைக்குப் பால் கொடுக்க. ஏழு பேர், ஏழு மடி. அந்த அரைமணி நேரத்தில்தான் நான் முத்தொகுதியை உரக்க வாசிப்பேன். எட்டாம் வகுப்புவரை படித்தவள் நான் ஒருத்திதான் என்பதால், அங்கே எனக்குப் பேராசிரியை மதிப்பு.

எங்கள் கணக்குக்கு முதலில் கிடைத்தது இரண்டாம் பாகம். அதற்குப் பிறகுதான் முதலாம் பாகம் வந்தது. ஆகவே கனகத்துக்குக் கல்யாணமாகி, மாமியாரோடு சண்டையெல்லாம் முடிந்த பிறகுதான் எங்களுக்கு அவள் பிறந்தாள். யாரும் குறைப்படவில்லை. குழந்தைக் கனகம் நடை பழகும் இடத்தில், “இதுக்குப் போய் அந்தப் படுபாவிப் புருசன் வாய்க்கப் போறானே” என்று ஒரு தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கதையை ஒழுங்காக வாசித்தவர்களுக்கு அந்த அழுகை கிடைத்திருக்காது. மேற்கணக்குக்காரர்களுக்கு முதலிலேயே மூன்றாம் பாகம் வாய்த்துவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை இரத்தோட்டைக் கடைத்தெருவில் அவர்களின் நடையே வேறாக இருந்தது. கேட்டால் சிரிப்பார்கள், சொல்ல மாட்டார்கள்.

கேட்கக் காரணம் இருந்தது. இரண்டாம் பாகத்தின் கடைசியில் கனகத்தின் அப்பா மலாயாவுக்குக் கப்பல் ஏறுகிறார், மகளையும் கூப்பிடுகிறார். புருஷன் வர மாட்டேன் என்கிறான். துறைமுகத்தில் கனகம் பையோடு நிற்கிறாள். ‘கப்பலின் ஏணிப்படியில் வைக்க ஒரு காலைத் தூக்கினாள். தூக்கிய கால்’ என்பதோடு ராசு அண்ணனின் கத்தி இறங்கியிருந்தது.

இதைக் கேட்ட ஏழு பேரில் என் மதினியும் ஒருத்தி. அண்ணன் தனபாலின் மனைவி, பெயர் பாக்கியம். அவளுக்குக் கைநாட்டுத்தான், ஆனால் கதை கேட்பதில் அவளைப்போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை. மலையில் கண்டால்கூட, “கனகம் இன்னும் ஒத்தக் கால்லதான் நிக்குதா புள்ள?” என்று கேட்பாள். நானும், “ஆமா மதினி, கால் கடுக்குதாம்” என்பேன். இது எங்களுக்குள் விளையாட்டாகத்தான் தொடங்கியது.

அந்த நாளில் எங்கள் ஆட்கள் அனைவரும் குடியுரிமை இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று மனுப் போட்டிருந்தார்கள். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு வைத்த கதை உங்களுக்குத் தெரியும். அவர்களிடம் தீக்குச்சிகூட இருந்திருக்காது. மதினிக்குக் கல்யாணமாகும் முன்பே அவளுடைய அப்பா இந்தியாவுக்கு மனுப் போட்டிருந்ததால், மகள் என்று அவள் பெயரும் அதில் இருந்தது. அண்ணன் பெயரோ எங்கள் அப்பா இலங்கைக்குப் போட்ட மனுவில். கல்யாணம் ஆனதை மனுக்களுக்கு யார் சொல்வது? மதினி வீட்டுக்குக் கடுதாசி வந்துவிட்டது. அப்பா, அம்மா, இரண்டு தம்பிகள், மதினி எல்லோரும் போகலாம். அண்ணன் போக முடியாது. குழந்தைக்கு ஏழு மாதம். அது என் ஏணையில்தான் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணனிடம் கேட்டால், “அதோட இஷ்டம்” என்பான். அவன் நல்லவன்தான், ஆனால் அந்த இரண்டு சொல்லுக்காக அவனை இன்னும் நான் மன்னிக்கவில்லை. ஒருத்தி இரண்டாகக் கிழிந்து நிற்கும்போது ‘நில்லு’ என்று சொல்லத் தெரியாதவனுக்கு எதற்குப் பெண்டாட்டி? மதினியிடம் நானே கேட்டேன். அவள் குழந்தையை மார்மாற்றிக்கொண்டு, “கனகம் என்ன பண்ணுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன் புள்ள” என்றாள். சிரித்தாள். ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை.

மூன்றாம் பாகம் அப்போது மேற்கணக்கில் ராசு அண்ணனின் கையில் இருந்தது. அடுத்த ஞாயிறு நான் மேற்கணக்குக்கு ஏறிப் போனேன். அவருடைய காம்பரா வெறுமையாக, கூட்டிவிடப்பட்டுக் கிடந்தது. அவருக்கும் கடுதாசி வந்து, வெள்ளிக்கிழமையே குடும்பத்தோடு கப்பலுக்குப் போய்விட்டார். பக்கத்துக் காம்பராக்காரி சொன்னாள், வாசித்து முடிக்கவில்லையாம், முடிவு தெரியாமல் எப்படிக் கடல் தாண்டுவது என்று தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டாராம். முடிவு என்ன என்று அவளிடமே கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, மேற்கணக்கில் முழுதாக வாசித்தவர் ஒருவரும் இல்லை என்றாள். அந்த நடையும் சிரிப்பும் அவ்வளவும் பொய்!

திங்கள் காலையில் பிள்ளைக் காம்பரா அலுமாரியைக் கிண்டினேன். எப்போதோ எவரோ அதிகாரி பகிர்ந்துவிட்டுப் போன ‘மிளகுச் செய்கை’ என்ற கைநூல் கிடந்தது. காக்கித் தாள் சுற்றினேன். மாஸ்டரின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, ‘முத்தொகுதி – மூன்றாம் பாகம்’ என்று எழுதினேன். பகல் பன்னிரண்டுக்கு ஏழு பேரும் மடியில் குழந்தையோடு உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தைப் பிரித்து, தொண்டையைச் செருமி, “தூக்கிய கால் தயங்கி நின்றது” என்று தொடங்கினேன்.

கனகத்தை முதல் நாளே கீழே இறக்கிவிட்டேன். கப்பலையும் அனுப்பிவிட்டேன். பிறகுதான் மாட்டிக்கொண்டேன், இனி அவள் என்ன செய்வாள்? கதை கட்டுவது அவ்வளவு பாடு என்று யார் கண்டது? கண் தன்பாட்டில் கைநூலில் விழுந்தது. ‘கொடி படர முள்முருக்கு உகந்தது.’ ஆகவே கனகம் முள்முருக்கு நட்டாள். புருஷன் மனம் திருந்தி மாட்டெரு சுமந்தான். மாமியார் மிளகு காயப்போட்டாள். கூட்டத்தில் ஒருத்தி, எத்தனை அடிக்கு ஒரு கொடி நட்டது கனகம் என்று கேட்க, “எட்டடி” என்று பட்டென்று சொன்னேன். அந்த ஒரு பதிலுக்கு நான் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, அது அச்சில் இருந்தது. ஒன்பது பகல் வாசித்தேன். கடைசி நாள், கனகத்தின் அப்பாவுக்கு மலாயாவுக்கு ஒரு பொதி மிளகு போனது. ஆறு பேர் அழுதார்கள், நானும் அழுதேன். மதினி மட்டும் அழவில்லை. குழந்தையின் வாயைத் துடைத்து ஏணையில் போட்டுவிட்டு மலைக்குப் போனாள்.

மாத்தளை ஸ்டேசனில் அவள் அப்பா அம்மாவை வழியனுப்ப நானும் போனேன். கோச்சி நிறைய எங்கள் சனம். பெட்டிக்குள்ளிருந்து ஒப்பாரி, வெளியிலிருந்து ஒப்பாரி. குழந்தையைக் கடைசியாகக் கொடுக்க மதினி கோச்சிப் படியில் ஒரு காலை வைத்தாள். அவள் அம்மா குழந்தையை விடவில்லை, மதினியின் கையையும் விடவில்லை. விசில் ஊதியது. அவள் கால் படியிலேயே இருந்தது. நான் எண்ணத் தொடங்கினேன், எதை எண்ணினேன் என்று தெரியாது. கோச்சி அசைந்தபோது அவள் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினாள். அண்ணன் தூரத்தில் தேநீர்க் கடை ஓரத்தில், மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

நான் வென்றுவிட்டேன் என்று அன்று நினைத்தேன். வென்றதற்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். எழுபத்தேழுக் கலவரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். வாசிகசாலையும் போயிற்று, முதலாம் பாகம் அதற்குள் இருந்தது. தோட்டத்தை விட்டு அலுவிகாரைப் பக்கம் ஒரு வாடகை அறையில் ஒண்டினோம். எண்பத்து மூன்று கலவரத்தில் அண்ணன் வேலை செய்த கடையும் எரிந்தது. நடுவில் மதினியின் அப்பா அங்கே இறந்தார், பிறகு அம்மா. இரண்டு செய்தியும் கடிதத்தில்தான் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு மிளகுக் கைநூலை வைத்து ஒருத்தியின் அப்பா அம்மாவைப் பறித்துவிட்டேனே என்று எத்தனையோ நாள் நினைத்து வெந்திருக்கிறேன்.

கடைசியில் அண்ணனுக்கும் எப்படியோ கடுதாசி கிடைத்து, அவளும் அண்ணனும் மகளோடு இந்தியாவுக்கே புறப்பட்டார்கள். இந்தியாவுக்குப் போகும் கப்பலை நிறுத்திவிடுவதற்குச் சற்று முன்பு. புறப்படும்போது, “அந்த மூணாம் பாகத்தக் குடு புள்ள, அங்க மக வாசிச்சுக் காட்டுவா” என்றாள். தீயில் போய்விட்டது என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “அப்படியா” என்றாள். பிள்ளைக் காம்பராவில் கிடந்ததால் தீக்குத் தப்பிய கைநூல் எனக்குப் பின்னால் இருந்த அலுமாரியில், இரண்டாம் பாகத்தோடு இருந்தது. அந்த இரண்டாம் பாகத்தையும் நான் வாசிகசாலைக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. வாசிகசாலையே இல்லாதபோது யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

அவர்கள் கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார்கள். தேயிலையிலிருந்து கப்பலேறித் தேயிலைக்கே போனார்கள். நான் விட்ட படிப்பைத் தொடர்ந்து ஆசிரியையானேன், மாத்தளையிலேயே இருந்துவிட்டேன். கடிதங்கள் வரும், நிற்கும், வரும். யுத்தம் முடிவதற்கு இரண்டொரு வருடத்துக்கு முன்பு ஒரு கடிதம் வந்தது. மதினி சொல்லச் சொல்ல மகள் எழுதியது, ஏணையில் தூங்கிய அதே பிள்ளை. கவ்வாத்து ராசு அண்ணனும் அதே தோட்டத்தில்தான் இருந்தாராம். அவர் இறந்த பிறகு தகரப் பெட்டியைத் திறந்தால், காக்கி அட்டையோடு மூன்றாம் பாகம்.

‘மக முழுசா வாசிச்சா புள்ள. கனகம் கப்பல்ல ஏறிருச்சு. மொளகு எந்தப் பக்கத்துலயும் வரல. நீ வாசிச்சதுதான் நல்லா இருந்துச்சு. ஒம் புஸ்தகத்துல நடுப்பக்கம் மொளகுக் கொடி படம் இருந்துச்சே, நீ விரலால மறச்சு மறச்சு வாசிப்ப, எனக்கு அப்பவே தெரியும். நான் நின்னது எனக்கா நின்னது. நீ மனசப் போட்டு ஒழட்டிக்காத. அந்தக் கதைய எழுதி அனுப்பு, மறக்குறதுக்குள்ள ஒருக்கா கேக்கணும்.’

முப்பது வருடம் நெஞ்சில் கிடந்த கல் இறங்கியது. இறங்கியதும் ஒரு சின்ன ஏமாற்றம் வந்ததையும் மறைக்க மாட்டேன். அவளை நிறுத்தியது என் கதை இல்லையாமே! எழுத்தாளரின் கர்வம் என்பது இதுதான் போலும். அன்றைக்கே கைநூலை எடுத்து வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன். எட்டடி இடைவெளி இருந்தது. மாட்டெரு இருந்தது. முள்முருக்கு இருந்தது. ஆனால் கனகம் இல்லை. அவள் அந்த ஒன்பது பகலும் என்ன பேசினாள், எதற்கு அழுதாள், புருஷன் எப்படித் திருந்தினான் ஒன்றுமே நினைவில்லை. எழுதி வைக்காமல் வாயால் சொன்னவளுக்கு மிஞ்சுவது இவ்வளவுதான். வெட்கத்தை விட்டு, எனக்கு மறந்துவிட்டது, நீயே சொல்லி எழுதச் சொல்லு மதினி என்று பதில் போட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து மகளிடமிருந்து ஒரு தடித்த உறை வந்தது. அம்மாவுக்கு மார்ச்சளி பிடித்து, ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்து, தவறிவிட்டார்கள் அத்தை என்று எழுதியிருந்தாள். கடைசி நாட்களில் சொல்லச் சொல்ல எழுதியது என்று, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் ஒன்பது பக்கம் தனியாக வைத்திருந்தாள். வாசித்தேன். நான் சொன்ன கதைதான், ஆனால் நான் சொன்னதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது. தூக்கிய காலைக் கனகம் இறக்கிய இடத்தில், கப்பலிலிருந்து அவள் அம்மா கையை விடாமல் பிடித்திருப்பதாக வந்தது. அப்படி ஒன்றை நான் வாசித்ததே இல்லை. அது மாத்தளை ஸ்டேசனில் நடந்தது.

இப்போது அந்தப் பிள்ளைக் காம்பராவின் கூரையும் இல்லை, ஏணை கட்டிய வளையங்கள் மட்டும் துருப்பிடித்து நிற்பதாகச் சொல்கிறார்கள். பால் கொடுத்த ஏழு பேரில் மதினியைத் தவிர நான்கு பேர் கப்பலில் போனார்கள். மற்ற இருவரைத் தேடிக் கேட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கு எட்டடி மட்டும் நினைவிருந்தது, மற்றவளுக்கு என்னையே நினைவில்லை. ஆக முதலாம் பாகம் சாம்பல். இரண்டாம் பாகம் என் அலுமாரியில். அச்சடித்த மூன்றாம் பாகம் கோத்தகிரியில். எங்களுடைய மூன்றாம் பாகத்தை முழுதாகத் தெரிந்திருந்தவள் மதினி ஒருத்திதான்.

அடுத்த ஞாயிறு மேடையேறி, முத்தொகுதியின் ஒவ்வொரு பாகமும் தனித்து நின்றாலும் நிறைவாக இருக்கும் என்று நான் சொல்லப் போகிறேன். எல்லோரும் கைதட்டுவார்கள். அந்த ஒன்பதாம் பக்கத்தின் கடைசி வரியில் மகளின் கையெழுத்து, ‘மழ விட்டதும் கனகம் வெளிய வந்து’ என்பதோடு நிற்கிறது.